டிரிங்கமலி ஃப்ரிகேட், 1:64: பலகை தேக்கில் போடலாமா? கயிறு எங்கிருந்து தொடங்குவது?

கொங்குத்தச்சன்

அனைவருக்கும் வணக்கம். எச்.எம்.எஸ். டிரிங்கமலி என்ற பிரிட்டிஷ் ஃப்ரிகேட் போர்க்கப்பலின் மாடலை 1:64 அளவில் வரைபடம் பார்த்துச் செய்துகொண்டிருக்கிறேன். நம் திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பல். பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டி, 1817 அக்டோபரில் கடலில் இறக்கினார்கள். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது. இந்தியத் தச்சர்கள் செய்த பாய்மரப் போர்க்கப்பல் இருநூறு வருடம் தாண்டி நிற்கிறது என்பதுதான் என்னை இதில் இறக்கியது.

ஏராவும் (கப்பலின் அடிக்கட்டை) குறுக்குச் சட்டங்களும் பிளைவுட்டில் அறுத்துப் பொருத்தியாயிற்று. பீரங்கித் தளம் நிஜத்தில் சுமார் 150 அடி, நம் அளவுக்கு 71 செ.மீ. வருகிறது. அடுத்து பலகை ஒட்ட வேண்டும். மூன்று கேள்விகள்.

நிஜக் கப்பல் தேக்கு என்பதால் மாடலுக்கும் தேக்கையே இழைத்து ஒட்ட ஆசை. சரியா? இரண்டாவது, மூன்று பாய்மரத்துக்கும் கயிறு கட்ட எந்த வரிசை? வரைபடத்தைப் பார்த்தால் சிலந்தி வலைபோல இருக்கிறது, தலையும் காலும் புரியவில்லை. மூன்றாவது, கயிறுக்கு என்ன நூல்? கடையில் கிடைக்கும் பருத்தி நூல் போதுமா?

பழையமாலுமி

தம்பி, நல்ல கப்பலைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். முதலில் தேக்கைப் பற்றிச் சொல்கிறேன். வேண்டாம்.

மாடலை எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்போம்? இரண்டடி, 60 செ.மீ. என்று வையுங்கள். 64-ஆல் பெருக்கினால் 38 மீட்டர். அதாவது உங்கள் மேசைமேல் இருப்பதைப் பார்ப்பவர், நிஜக் கப்பலை 38 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவருக்குச் சமம். அந்தத் தூரத்தில் தேக்கின் ரேகையும் துளையும் யாருக்குத் தெரியும்? ஆனால் தேக்குச் சீவலை மாடலில் ஒட்டினால் அதே ரேகை, அதே துளை, நிஜ அளவிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். நிஜக் கப்பலில் விரல் நுழையும் அளவு துளை இருப்பதுபோல ஒரு தோற்றம். கப்பல் சுருங்கிவிட்டது, மரம் சுருங்கவில்லை. கண் அதைத்தான் முதலில் பிடிக்கும். தேக்கில் எண்ணெய் வேறு உண்டு, பசை சரியாகப் பிடிக்காது.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தக் கப்பலின் பக்கவாட்டில் தேக்கு எங்கே தெரிகிறது? நீர்மட்டத்துக்குக் கீழே செப்புத்தகடு. மேலே கறுப்பு வண்ணம், பீரங்கி வரிசையில் வெள்ளைப் பட்டை. நீங்கள் கஷ்டப்பட்டு இழைத்த தேக்கு முழுவதும் உள்ளே மறைந்துவிடும். வெளியே தெரிவது மேல்தளம் ஒன்றுதான். அதுவும் மாலுமிகள் கல் வைத்துத் தேய்த்துத் தேய்த்து வெளுத்துப்போன நிறம்.

நம் பக்கம் கிடைப்பதில் வெட்பாலை அருமையான மரம். சென்னப்பட்டணத்து மரப்பொம்மை அதில்தான் கடைகிறார்கள். வெள்ளை, ரேகை நெருக்கம், கத்திக்குப் பணியும். மேல்தளத்துக்கும் அதுவே போதும். கொஞ்சம் மஞ்சள் சாயல் வேண்டுமென்றால் மஞ்சக்கடம்பு.

சிற்பிவீட்டுப்பிள்ளை

ஐயா சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். கோவில் தேர் சிற்பம் செய்யும் குடும்பத்திலிருந்து வருகிறேன், அதனால் சொல்கிறேன். பொருளுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. வண்ணத்துக்கு அடியில் மறைந்தாலும் உள்ளே தேக்கு இருக்கிறது என்பது செய்பவனுக்குத் தெரியும். அந்தக் கப்பல் இத்தனை காலம் பிழைத்ததே தேக்கினால்தானே? ஐரோப்பாவில் போர்க்காலத்தில் ஓக் மரத்துக்குப் பஞ்சம் வந்துதான் பம்பாய்க்கு வந்தார்கள். அதே ஓக்கில் செய்த எத்தனையோ கப்பல்கள் உளுத்து உடைக்கப்பட்டுவிட்டன. தேக்குதான் அந்தக் கப்பலின் கதை. அதை விட்டுவிட்டு பொம்மை மரத்தில் செய்தால் மனசுக்கு ஒப்புமா?

பழையமாலுமி

தம்பி, உங்கள் பேச்சில் உள்ள பற்று எனக்குப் பிடிக்கிறது. அதைத் தள்ளச் சொல்லவில்லை. தேக்கைக் கப்பல் நிற்கும் பீடத்துக்கும் தாங்கிகளுக்கும் வையுங்கள். அங்கே அது நிஜ அளவில் தேக்காகவே இருக்கலாம், யார் கண்ணையும் ஏமாற்ற வேண்டியதில்லை. கப்பலுக்குள் வந்தால் அளவுதான் பேச வேண்டும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பலகை, கயிறு, கப்பி, பாய் எல்லாவற்றுக்கும் அதிலேயே விடை கிடைக்கும்.

செப்புத்தகட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் ஒரு தகடு 4 அடி நீளம், 14 அங்குல அகலம். உங்கள் அளவில் 19 மி.மீ.க்கு ஐந்தரை மி.மீ. அதில் ஆணித்தலை தூக்கலாகத் தெரியும்படி அச்சடித்து விற்கிறார்கள். 38 மீட்டரில் ஆணித்தலை தெரியுமா? வழவழப்பான தகட்டை வாங்கி, வரிசை பிசகாமல் ஒட்டுங்கள்.

பலகை ஒட்டுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. அணியம் என்னும் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் குறுக்குச் சட்டங்களின் விளிம்பைச் சாய்வாக அரத்தால் தேய்க்காமல் ஒரு பலகையும் ஒட்டாதீர்கள். மெல்லிய பட்டி ஒன்றை முன்னிருந்து பின்வரை வளைத்து வைத்துப் பாருங்கள். எல்லாச் சட்டத்திலும் முழு அகலத்தில் படிய வேண்டும். ஓர் இடத்தில் இடைவெளி தெரிந்தாலும் அங்கே பின்னால் பள்ளம் விழும். அணியத்தை நோக்கிப் போகப்போகப் பலகையைக் குறுக்குங்கள், ஆனால் அதன் அகலத்தில் பாதிக்குக் கீழே போகவிடாதீர்கள். அப்புறம், பலகையை வளைப்பது தண்ணீரைவிடச் சூடுதான். நனைத்து, சூடான இரும்பில் மெல்ல அழுத்தினால் தானே பணியும்.

கயிறு பெரிய விஷயம். தனியாக எழுதுகிறேன்.

கொங்குத்தச்சன்

38 மீட்டர் கணக்கு எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது ஐயா. வெட்பாலைக்கு ஆள் சொல்லிவிட்டேன். தேக்கு பீடத்துக்கு. சிற்பி தம்பிக்கும் நன்றி, பீடத்தில் ஒரு பூவேலை செய்ய உங்களிடம்தான் கேட்பேன்.

கயிற்றுப் பதிவுக்குக் காத்திருக்கிறேன்.

பழையமாலுமி

கயிறு.

வரைபடத்தைப் பார்த்து மனப்பாடம் செய்ய முயன்றால் யாருக்கும் வராது. ஒவ்வொரு கயிறும் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். பாய்மரக் கப்பலில் அழகுக்காக ஒரு கயிறுகூடக் கிடையாது. வேலை தெரிந்தால் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று கையே சொல்லும்.

கயிறு இரண்டு வகை. பாய்மரத்தைப் பிடித்து நிறுத்துபவை ஒரு வகை, நிலைக்கயிறு. தார் பூசியவை, அதனால் கறுப்பு அல்லது அடர்பழுப்பு. பருமல்களையும் (பாய் தொங்கும் குறுக்குக் கட்டைகள்) பாய்களையும் ஆட்டி வைப்பவை இன்னொரு வகை, ஓடுகயிறு. கப்பிக்குள் ஓட வேண்டும் என்பதால் அவற்றின் நிறம் இளம் சணல் நிறம். நிலைக்கயிறு முழுவதும் முடிந்த பிறகே ஓடுகயிறு.

நிலைக்கயிற்றில் முதலில் கட்ட வேண்டியது முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் பவுஸ்ப்ரிட் என்னும் கட்டை. ஏன்? முன்பாய்மரத்தை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கயிறு அதில்தான் வந்து முடிகிறது. பவுஸ்ப்ரிட் மேலே தூக்கிக்கொண்டால் முன்பாய்மரம் தளரும், முன்பாய்மரம் தளர்ந்தால் அதைப் பிடித்திருக்கும் எல்லாம் தளரும். அதனால் அதை அணியத்தோடு வரிந்து கட்டி, அதைக் கீழ்நோக்கி இழுக்கும் பாப்ஸ்டே கயிறு போட்டு இறுக்கிய பிறகே பாய்மரத்துக்கு வாருங்கள்.

கீழ்ப்பாய்மரங்களில் பக்கவாட்டுக் கயிறுகளான ஷ்ரவுட்கள். ஒரே கயிற்றை நடுவில் மடித்து, பாய்மரத் தலையில் மாட்டி, இரண்டு முனையும் ஒரே பக்கம் இறங்கும். வலப்பக்கத்தில் முன்ஜோடி முதலில், அடுத்து இடப்பக்க முன்ஜோடி, மறுபடி வலம், மறுபடி இடம். இப்படி மாற்றி மாற்றிப் போட்டால்தான் தலையில் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனால் பாய்மரம் சாயும், பிறகு நிமிர்த்த முடியாது. ஸ்டே கயிறுகள் ஷ்ரவுட் மடிப்புகளுக்கு மேலே கடைசியாக மாட்டப்படும்.

ஷ்ரவுட்டின் அடியில் டெட்ஐ என்னும் மூன்று துளை மரவட்டுகள் இரண்டு, நடுவே அவற்றை இணைத்து இறுக்கும் லேன்யார்டு கயிறு. எல்லா ஜோடிக்கும் நடு இடைவெளி ஒன்றாக இருக்க ஒரு கம்பியை ப வடிவில் வளைத்துத் துளைகளில் செருகி வைத்துக் கட்டுங்கள். லேன்யார்டு முனையில் பசை வைக்க அவசரப்பட வேண்டாம். ஸ்டேக்கள் எல்லாம் ஏறி இறுகிய பிறகு, பின்னால் நின்று நூல்குண்டு தொங்கவிட்டுப் பாய்மரம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். தேவையான இடத்தில் இழுத்தோ தளர்த்தியோ சரிசெய்துவிட்டுப் பசை வையுங்கள்.

கீழ்ப்பாய்மரம் மூன்றும் இறுகிய பிறகு அதன்மேல் வரும் டாப்மாஸ்ட், அப்புறம் அதற்கும் மேலே டாப்கேலண்ட். இதே ஒழுங்கு, சிறிய அளவில்.

ஏணிப்படிபோல ஷ்ரவுட்டில் ஓடும் ரேட்லைன்களை நிலைக்கயிற்றின் கடைசி வேலையாக வையுங்கள். நிஜத்தில் 13 முதல் 15 அங்குல இடைவெளி, மனிதன் கால் வைத்து ஏற வேண்டுமே. 1:64-ல் ஐந்திலிருந்து ஆறு மி.மீ. ஒரு அட்டையில் கோடு போட்டு ஷ்ரவுட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கட்டுங்கள். நடு ஷ்ரவுட்களில் கிளவ் ஹிட்ச் முடிச்சு. இழுத்துக் கட்டினால் ஓரத்து ஷ்ரவுட்கள் உள்ளே வளைந்து உடுக்கைபோல ஆகிவிடும். பொறுமையை ரொம்பக் கேட்கும் வேலை இது. ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள்.

ஓடுகயிற்றில் முக்கியமான ஒன்று. பருமலைப் பாய்மரத்தில் ஏற்றுவதற்கு முன்பே அதில் வர வேண்டிய கப்பி அத்தனையையும் மேசையில் வைத்தே கட்டிவிடுங்கள். மேலே ஏறிய பிறகு சாமணத்தோடு போராட வேண்டாம். கயிறு கட்டும் ஆணிப்பலகையைக் கப்பலின் உட்சுவரில் வெறும் பசையால் ஒட்டாதீர்கள், உள்ளிருந்து கம்பி செருகி ஒட்டுங்கள். நாற்பது ஐம்பது கயிறு இழுத்தால் பசை மட்டும் நிற்காது. பாய்மரத்தை ஒட்டிய ஆணிகளில் முடியும் கயிறுகளை முதலில் கட்டுங்கள், ஓரத்துக்கு வருபவை பின்னால். இல்லையென்றால் உள்ளே கைபோக வழியிருக்காது. பருமலைத் திருப்பும் பிரேஸ் கயிறுகள் எல்லாவற்றுக்கும் கடைசி, அவைதான் வழியை அடைப்பவை. பின்பாய்மரத்தின் பிரேஸ்கள் மட்டும் முன்னோக்கிப் பெரிய பாய்மரத்துக்குப் போகும். அதற்குப் பின்னால் கட்ட அங்கே இடம் இல்லை.

நூலாடை

ஐயாவின் பதிவைக் காப்பி எடுத்து வைத்துக்கொண்டேன். நூல் பற்றிய கேள்விக்கு நான் சொல்லலாம், திருப்பூரில் நூல் தொழிலில்தான் இருக்கிறேன்.

தம்பி, பருத்தி நூல் வேண்டாம். நம் ஊர்க் காற்றில் ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முறுக்கிய பருத்தி ஈரம் குடித்தால் இழை உப்பி நீளம் குறையும். ஐப்பசி மழையில் கயிறு இறுகிப் பாய்மரத்தை இழுக்கும், பங்குனி வெயிலில் தளர்ந்து தொங்கும். பாலியெஸ்டர் நூலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் பளபளப்பு இல்லாத, பஞ்சு நீட்டாத வகையைத் தேடுங்கள். பளபளத்தால் 38 மீட்டர் கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

கடை நூலை அப்படியே கட்டாமல் நீங்களே கயிறு திரியுங்கள். பல்சக்கரம் வைத்த சின்னக் கயிறு திரிக்கும் கருவியை மரத்திலேயே செய்யலாம். முறுக்குத் திசையைக் கவனியுங்கள். தையல் நூல் பெரும்பாலும் இசட் முறுக்கு. அதில் மூன்றைச் சேர்த்துத் திரித்தால் கயிறு இயல்பாக எஸ் திசையில், அதாவது இடப்பக்கமாகத்தான் நிற்கும். கப்பலில் சாதாரண மூவிழைக் கயிறு வலப்புரி. ஆலாத்து என்னும் நங்கூர வடம்போன்ற ஒன்பதிழைக் கயிறுதான் இடப்புரி. அதனால் எஸ் முறுக்கு நூல் கேட்டு வாங்குங்கள், சில தையல் நூல் வியாபாரிகளிடம் கிடைக்கும். இந்தச் சரிவு உற்றுப் பார்ப்பவர் கண்ணில் பட்டுவிடும்.

தேன்மெழுகு பூசுவார்கள் பலர். நான் பூசுவதில்லை, தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஈரக் காகிதப் பசையை விரலில் தொட்டு ஓட்டினாலே பஞ்சு படிந்துவிடும்.

கொங்குத்தச்சன்

அக்கா, இந்த முறுக்கு விஷயம் எங்கும் யாரும் சொல்லவில்லை. நன்றி. கயிற்றின் தடிமனை எப்படிக் கணக்கிடுவது? பழைய அட்டவணையில் ஷ்ரவுட் இத்தனை அங்குலம் என்று போட்டிருக்கிறார்கள், அப்படியே 64-ஆல் வகுத்தால் வடம்போல வருகிறதே?

பழையமாலுமி

அந்த அட்டவணைகளில் கயிற்றின் அளவு எப்போதும் சுற்றளவு, விட்டம் அல்ல. 1794-ல் டேவிட் ஸ்டீல் வெளியிட்ட புகழ்பெற்ற அட்டவணையும் அப்படித்தான். 6 அங்குலக் கயிறு என்றால் 3.14-ஆல் வகுங்கள், 1.9 அங்குல விட்டம், 48 மி.மீ. அதை 64-ஆல் வகுத்தால் 0.76 மி.மீ.

அளந்து பார்க்கச் சுலபமான வழி, திரித்த கயிற்றை ஒரு கம்பியில் இருபது சுற்று நெருக்கிச் சுற்றுங்கள். 15 மி.மீ. அகலம் வந்தால் சரி. ஒரே தடிமனில் எல்லாக் கயிறும் போட்டால் மாடல் செத்துப்போகும். கீழே தடிமன், மேலே போகப்போக மெல்லிசு. அந்தப் படிப்படியான மெலிவுதான் கப்பலுக்கு உயரத்தைத் தருகிறது.

எந்த வருடக் கப்பலைச் செய்கிறீர்கள் என்றும் முடிவு செய்யுங்கள். 1819-ல் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்த பிறகு அதை நெடுங்காலம் பணியில் சேர்க்காமலே வைத்திருந்தார்கள். 1840-களில் 26 பீரங்கி கார்வெட்டாக (ஃப்ரிகேட்டைவிடச் சிறிய போர்க்கப்பல் வகை) மாற்றி, 1847-ல்தான் முதல் பணிக்கு அனுப்பினார்கள். 1817 என்றால் ஃப்ரிகேட், பீரங்கி அதிகம். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

வல்வைக்காற்று

அண்ணை, குறுக்கே வாறதுக்கு மன்னிக்கவும். கனடாவிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் வல்வெட்டித்துறை. எங்கட ஊரில் கட்டின அன்னபூரணி அம்மாளைச் செய்யவேணும் என்று கனநாள் எண்ணம். அமெரிக்கர் ராபின்சன் வாங்கி, தன் மனைவியின் பெயரை வைத்து, எங்கட ஊர் மாலுமிகளைக் கொண்டு 1938-ல் மாசசூசெட்ஸில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்ப்பித்த கப்பல். வரைபடம் ஒன்றும் கையில் இல்லை, படங்கள் மட்டும்தான். இது நடக்கிற காரியமா?

பழையமாலுமி

நடக்கும் தம்பி. செய்யவும் வேண்டும். டிரிங்கமலியைச் செய்ய நூறு பேர் இருப்பார்கள், இதைச் செய்ய அத்தனை பேர் வர மாட்டார்கள், அதனாலேயே நீங்கள் செய்ய வேண்டும்.

கப்பலின் நீளம் 89 அடி என்று பதிவாகியிருக்கிறது. 1:48 அளவில் 56 செ.மீ., மேசைக்குக் கச்சிதம். பக்கவாட்டிலிருந்து நேராக எடுத்த படம் ஒன்றைப் பிடியுங்கள். அதில் கப்பலின் நீளத்தை அளந்தால் மற்ற எல்லா உயரத்தையும் விகிதத்தில் எடுத்துவிடலாம். சாய்வாக எடுத்த படத்தில் அளக்காதீர்கள், முன்பக்கம் பெரிதாகவும் பின்பக்கம் சிறிதாகவும் காட்டும். நீருக்கு அடியில் உள்ள உருவம் படத்தில் கிடைக்காது. நீர்மட்டத்துக்கு மேலே மட்டும் செய்து, அடியில் கடலை அமையுங்கள். தெரியாததை ஊகித்து வளைப்பதைவிட அது நேர்மை.

இரண்டு பாய்மரம் கொண்ட பிரிகன்டைன் வகை என்பதால் கயிறு வேலையும் உங்களுக்குச் சுலபம். முன்பாய்மரத்தில் மட்டும்தான் குறுக்குப் பருமல்கள். பின்பாய்மரத்தில் நீளவாக்குப் பாய். மூன்று பாய்மர ஃப்ரிகேட்டின் கயிற்றில் பாதிகூட வராது. ஊரில் பெரியவர்கள் இருந்தால் எந்தக் கயிறு எங்கே கட்டினார்கள் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வல்வைக்காற்று

நல்லா விளங்கிச்சு அண்ணை. அம்மாவின் பெரியப்பா இருக்கிறார், இந்தக் கிழமையே அவரோட கதைக்கிறன்.

கொங்குத்தச்சன்

கடைசியாக ஒன்று ஐயா. பாய் வைக்கலாமா, வேண்டாமா? வீட்டில் பாய் விரித்த கப்பல்தான் வேண்டும் என்கிறார்கள்.

பழையமாலுமி

வைக்கலாம், ஆனால் துணியில் வேண்டாம். துணியின் நெசவு உங்கள் அளவில் கோணிப்பைபோலத் தெரியும். மெல்லிய ஜப்பானியக் காகிதத்தைச் சணல் நிறத்தில் தோய்த்து எடுங்கள். கப்பல் பாய்த்துணி 24 அங்குல அகலத்தில் நெய்தது, அவற்றை அருகருகே தைத்துத்தான் பாய். ஒன்பதரை மி.மீ.க்கு ஒரு கோடு பென்சிலில் மெலிதாகப் போட்டால் அந்தத் தையல் வந்துவிடும்.

பாய் முழுதும் விரித்தால் நீங்கள் கட்டிய கயிறு பாதி மறையும். எனக்குப் பிடித்தது சுருட்டிக் கட்டிய பாய். அதற்கு முழு ஆழப் பாயைச் சுருட்டாதீர்கள், பருமல்மேல் மெத்தைபோல உப்பிக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு ஆழம் போதும். சுருட்டினாலும், பாயே இல்லாமல் விட்டாலும், டாப்மாஸ்டில் உள்ள டாப்செயில் பருமலும் அதற்கு மேல் உள்ளவையும் தாழ இறக்கி இருக்க வேண்டும். பாய் விரிக்கும்போதுதான் அவற்றை மேலே ஏற்றுவார்கள். பாயில்லாமல் பருமல் உச்சியில் நிற்கும் மாடலைப் பார்த்தால் கப்பல் தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார்.

வீட்டாரிடம் இரண்டு மாதிரிப் படத்தையும் காட்டுங்கள். முடிவு அவர்களுடையதாகவே இருக்கட்டும், கப்பல் நிற்கப்போவது அவர்கள் கூடத்தில்தானே. பவுஸ்ப்ரிட் வரிந்து கட்டியதும் படம் எடுத்து இங்கே போடுங்கள், ஷ்ரவுட்டுக்குப் போகும் முன் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.